நியமக் கரைசல் ஆக்கலும் ஐதாக்கலும்

நமது கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு முறையேனும் அளவியின் முன் நின்றவர்கள் அக்காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கை அடைப்பானைத் திருக, மறு கை கூம்புக் குடுவையைச் சுழற்ற, கண்கள் இரண்டும் குடுவையின் கீழ் விரித்த வெள்ளைத் தாளிலே பதிந்திருக்கும். நிறம் மாறும் அந்த ஒரு துளிக்காக மூச்சையும் அடக்கி நிற்போம். துளி விழுந்து நிறம் மாறியதும் வாசிப்பைக் குறித்துக்கொண்டு, மீண்டும் ஒரு முறையும் பின்னும் ஒரு முறையும் செய்து, மூன்று வாசிப்புக்களும் ஒன்றோடொன்று ஒத்துவரின், அன்றைய செய்முறை நன்கு நிறைவேறிற்றென மகிழ்வோம். அம்மகிழ்ச்சியிற் பாதி ஆதாரமற்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வாசிப்புக்கள் ஒத்திருத்தல், நாம் ஒரே செயலை மூன்று முறையும் ஒரே வகையாகச் செய்தோம் என்பதற்கே சான்று. அளவியினுள் இருக்கும் கரைசல் உண்மையில் எத்துணைச் செறிவுடையது என்பதற்கு அது சான்றாகாது. கரைசலை ஆக்கும்பொழுது வழு நேர்ந்திருப்பின், வாசிப்புக்கள் மூன்றும் ஒற்றுமையாகவே பிழைக்கும். முப்பது முறை நியமித்தாலும் அவ்வழு வெளிப்படாது. ஆகவே நியமிப்பு என்பது அளவியின் அடைப்பானைத் திறக்கும் வேளையிலே தொடங்குவதன்று. தராசின் முன் அமரும் வேளையிலேயே அது தொடங்கிவிடுகின்றது.

இம்முறையின் வரலாற்றைச் சிறிது கூறி மேற்செல்வோம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு தேசத்து உரூவான் நகரில், துணி வெளிற்றும் திரவத்தின் வலுவை அறிவதற்காகத் தெக்குருவாசீல் என்பவர் அளவு கோடிட்ட கண்ணாடிக் குழாயைப் பயன்படுத்தினார். பின்னர் கேலூசாக்கு என்னும் பேரறிஞர் 1824ஆம் ஆண்டளவில் பியூரெற்று, பிப்பெற்று என்னும் பெயர்களை வழக்கிற்குக் கொணர்ந்தார். அவற்றையே நாம் அளவி என்றும் குழாயி என்றும் தமிழில் வழங்குகின்றோம். 1832இல் வெள்ளி நாணயத்திலே தூய வெள்ளி எவ்வளவு என்பதை உப்புக் கரைசல் கொண்டு துணியும் முறையையும் அவர் வெளியிட்டார். சேர்மனி தேசத்து மருந்தாளராகிய மோர் என்பவர் 1855இல் நியமிப்பு முறைகளைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டு, அடுத்த ஆண்டிலே குளோரைட்டைத் துணியும் முறையை வகுத்தார். அவர் பெயரைக் கேட்டு வகுப்பிலே நகைத்து வெளியே நின்றவர்களுள் நாமும் ஒருவர். இவர்கள் அனைவரும் வணிகத்துக்கும் தொழிலுக்கும் விடை கூறவேண்டியவர்களாயிருந்தனர் என்பது கருதத்தக்கது. அவர்களுடைய வாசிப்புப் பிழைத்தால் யாரோ ஒருவருக்குப் பொருள் நட்டம் உண்டாகும்.

இனி, நியமக் கரைசல் என்பது யாது? செறிவு திட்டமாக அறியப்பட்ட கரைசலே நியமக் கரைசல். எல்லாப் பொருள்களையும் நிறுத்துக் கரைத்து இத்தகைய கரைசலை ஆக்கிவிட முடியாது. சோடியமைதரொட்சைட்டு மணிகளைக் கடிகாரக் கண்ணாடியில் இட்டுச் சில நிமிடங்கள் வைத்திருப்பின், அவை ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் காற்றிலிருந்து கவர்ந்து பளபளவென நீர்த்துவிடும். தராசு காட்டும் நிறையில் எவ்வளவு காரம், எவ்வளவு நீர் என்று யார் சொல்வது? ஐதரோக்குளோரிக்கமிலமோ நீரிற் கரைந்த வாயு. போத்தலைத் திறக்குந்தோறும் புகையாய் வெளியேறும். பொற்றாசியம் பேர்மங்கனேற்றை நிறுத்துக் கரைத்தாலும், நீரிலுள்ள சிறு மாசுகளோடு தாக்கமுற்று அதன் செறிவு குறைந்துவிடும். தூயதாய், காற்றிலே மாறாததாய், அமைப்புத் திட்டமாய் அறியப்பட்டதாய் உள்ள பொருளே முதன்மை நியமம் ஆகும். அமிலங்களை நியமிப்பதற்கு நீரற்ற சோடியங்காபனேற்று அத்தகைய பொருள்.

அதிலிருந்து 250 மில்லிலீற்றர் கரைசல் ஆக்கும் வகையைச் சற்று விரிவாக நோக்குவோம். தூய சோடியங்காபனேற்றைப் புடக்குகையில் இட்டு 270 பாகை அளவில் ஒரு மணி நேரம் சூடாக்கல் வேண்டும். ஈரம் நீங்குவதோடு, கலந்துள்ள இருகாபனேற்றும் காபனேற்றாக மாறிவிடும். 300 பாகையை மிகக் கடப்பின் காபனேற்றே சிறிது சிதைவுறும். பின்னர் அதனை உலர்த்தியினுள் வைத்து முற்றாக ஆறவிடல் வேண்டும். சூடான பொருளைத் தராசில் வைத்தல் பெருந்தவறு. வெப்பத்தால் எழும் காற்றோட்டம் தட்டை மேலே தூக்க, உண்மையினும் குறைந்த நிறை தோன்றும்.

0.05 மூலர்க் கரைசலுக்கு 1.3249 கிராம் தேவை என்பது கணக்கு. இங்கே மாணவர் பலர் வீணே இடர்ப்படுவர். சரியாக 1.3249 வரும்வரை கரண்டி நுனியாற் சிறிது இடுவதும், சிறிது எடுப்பதுமாக அரை மணி நேரத்தைக் கழிப்பர். அதற்குள் காபனேற்று அறையின் ஈரத்தைப் பருகிக்கொண்டிருக்கும். அவ்வாறு செய்யவேண்டியதில்லை. தேவையான நிறைக்கு அண்மையில் எடுத்து, எடுத்த நிறையைத் திட்டமாகக் குறித்துக்கொண்டாற் போதும். நிறுவைப் போத்தலை முதலிலும், பொருளை முகவையிற் கொட்டிய பின்னரும் நிறுத்து, வேற்றுமையைக் கொள்க. 1.3312 கிராம் வந்ததெனக் கொள்வோம். அதனை 105.99 ஆற் பிரித்தால் 0.01256 மூல், 250 மில்லிலீற்றரில் அதன் செறிவு 0.05024 மூலர். அழகிய முழு எண் வரவில்லையே என்று வருந்தவேண்டா. உண்மையான எண் வந்திருக்கின்றது.

முகவையிற் கரைத்த கரைசலைப் புனல் வழியே கனமானக் குடுவையுள் ஊற்றி, முகவையையும் கண்ணாடிக் கோலையும் புனலையும் சிறிது சிறிதாகக் காய்ச்சி வடித்த நீரால் மும்முறை கழுவி, அக்கழுவுநீரையும் குடுவையுள்ளேயே சேர்த்தல் வேண்டும். கழுத்திலுள்ள கோட்டிற்குச் சற்றுக் கீழ்வரை நீர் விட்டபின், துளித் துளியாக விட்டு, பிறையுருவின் அடி கோட்டைத் தொடும்படி கண் மட்டத்தில் வைத்துப் பார்க்க. ஆயினும் அதற்கு முன் ஒன்றைக் கவனித்தல் அவசியம். கரைசல் அறையின் வெப்பநிலைக்கு வந்துவிட்டதா?

காபனேற்று விரைவிற் கரைவதற்காக நாம் இளஞ்சூடான நீரை விடுவதுண்டு. 50 பாகையில் உள்ள கரைசலைக் கோடு வரை நிரப்பிவிட்டோம் எனக் கொள்க. அது 30 பாகைக்கு ஆறும்பொழுது, 250 மில்லிலீற்றர் சுருங்கி ஏறத்தாழ 248.1 ஆகிவிடும். கரைசலின் செறிவு நாம் சீட்டில் எழுதியதினும் ஏறத்தாழ 0.8 சதவீதம் கூடிவிட்டது. 25 மில்லிலீற்றர் நியமிப்பில் இது 0.19 மில்லிலீற்றர், அதாவது நான்கு துளிகள். கடைசித் துளி ஒன்றிற்காக மூச்சடக்கி நின்றவர், நான்கு துளிகளைக் காலையிலேயே இழந்துவிட்டார்!

குடுவையின் கழுத்தில் 20 பாகை எனப் பொறித்திருக்க, நம் நாட்டு ஆய்வுகூடத்தில் 30 பாகை நிலவுகின்றதே என்று சில மாணவர் ஐயுறுவர். நல்ல ஐயமே. கண்ணாடி பத்துப் பாகைக்கு விரிவது மிகச் சொற்பமாதலால், 30 பாகையிலே ஆக்கி 30 பாகையிலே பயன்படுத்தும் கரைசலுக்கு அதனால் ஊறில்லை. காலைக் குளிர்ச்சியில் ஆக்கிய கரைசலைத் தகரக் கூரையின்கீழ் நண்பகலிற் பயன்படுத்தும்பொழுதே வழு புகும். 27 பாகையிலிருந்து 32 பாகைக்கு ஏறின், கரைசல் ஏறத்தாழ 0.15 சதவீதம் விரிந்துவிடுகின்றது.

கோடு வரை நிரப்பிய பின்னர் அடைப்பானை இறுகப் பிடித்துக் குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தல் வேண்டும். ஓரிரு முறையன்று, பதினைந்து இருபது முறை. கழுத்திலே நிற்கும் நீர் இலகுவிற் கீழிறங்கிக் கலப்பதில்லை. இச்செயலைச் சிலர் கோயிற் சடங்குபோல் இருமுறை செய்து விட்டுவிடுவர். கலவாத கரைசலில் முதற் குழாயி எடுப்பது ஒரு செறிவு, ஐந்தாங் குழாயி எடுப்பது வேறொரு செறிவு. இவ்வழு ஒன்றுதான் வாசிப்புக்களின் வேற்றுமையால் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் நல்ல குணமுடையது.

அடுத்து ஐதாக்கல். செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலப் போத்தலின் சீட்டில் 36 சதவீதம் என்றும், தன்னீர்ப்பு 1.18 என்றும் இருக்கும். அதிலிருந்து செறிவு ஏறத்தாழ 12 மூலர் என்று பெறலாம். ஓர் இலீற்றர் 0.1 மூலர் அமிலத்திற்கு 8.5 மில்லிலீற்றர் எடுத்தால் அண்ணளவாக அமையும். இதனை அளவுருளையால் எடுப்பதே போதுமானது. இதற்குக் குழாயி தேடுவது வீண் நுட்பம். ஏனெனில், திறந்து மூடிய போத்தலிலே சீட்டு மாறாதிருக்க அமிலம் மாறிக்கொண்டேயிருக்கும். நீரினுள் அமிலத்தை விடுக. அமிலத்தினுள் நீரை விடற்க. சல்பூரிக்கமிலமாயின் இவ்விதியை மீறியவர் முகத்திலேயே தண்டனை தெறிக்கும்.

இவ்வமிலத்தை அளவியில் நிரப்பி, மேற்கூறிய காபனேற்றுக் கரைசலில் 25 மில்லிலீற்றரை, மெதைல் செம்மஞ்சளைக் காட்டியாகக் கொண்டு நியமிக்க. 24.60 மில்லிலீற்றர் அமிலம் சென்றதெனின், ஒரு மூல் காபனேற்றுக்கு இரு மூல் அமிலம் வேண்டும் ஆதலால், 0.05024ஐ இரண்டாலும் 25ஆலும் பெருக்கி 24.60ஆற் பிரிக்க 0.1021 மூலர் வரும். இப்பொழுதுதான் அமிலத்தின் செறிவு நமக்குத் தெரிந்தது. முன்பு தெரிந்திருந்தது சீட்டு எழுதியவரின் கருத்து மாத்திரமே.

கழுவும் விதி பற்றி ஒரு சொல். அளவியையும் குழாயியையும் அவற்றினுள் இடப்போகும் கரைசலாலேயே அலசுதல் வேண்டும். இல்லையேல் உள்ளே ஒட்டிய நீர் கரைசலை ஐதாக்கிவிடும். கூம்புக் குடுவையையும் கனமானக் குடுவையையும் வடித்த நீரால் மாத்திரம் அலசுக. இவ்விதியை மனனஞ் செய்து ஒப்புவித்து, செய்முறையில் மாற்றிச் செய்தவர்களைப் பெருந்தொகையாகக் கண்டுள்ளோம். காரணத்தை அறிந்தவர் மறப்பதில்லை. குழாயியும் அளவியும் கரைசலைத் திட்டமாக அளப்பவை. கூம்புக் குடுவை அளந்து விட்டதை ஏந்துவது. ஏந்துங் கலத்தில் நீர் இருந்தாலும் கரைபொருளின் அளவு மாறாது. குழாயியின் நுனியில் நிற்கும் கடைசித் துளியை வாயால் ஊதுவதும் ஆகாது. நுனியைக் குடுவையின் சுவரிலே தொடுவித்து விட்டுவிடுக. அத்துளியையும் கணக்கிற் சேர்த்தே குழாயியிற் கோடிட்டிருக்கின்றார்கள். வாயால் உறிஞ்சும் நம் காலத்து வழக்கம் ஆபத்தானது. இறப்பர்க் குமிழைப் பயன்படுத்துக.

ஒரு நியமக் கரைசலைத் திட்டமாக ஐதாக்குதற்குக் குழாயியும் கனமானக் குடுவையும் இன்றியமையாதவை. செறிவையும் கனவளவையும் பெருக்கிய தொகை, ஐதாக்கு முன்னும் பின்னும் ஒன்றே. 25 மில்லிலீற்றரை 250 ஆக்கினால் செறிவு பத்திலொன்று. நூறு மடங்கு ஐதாக்க விரும்புவோர் 1 மில்லிலீற்றரை 100 ஆக்கிவிடலாமே எனக் கருதுவர். ஒரு மில்லிலீற்றர்க் குழாயி, உயர்தரத்ததாயினும், 0.008 மில்லிலீற்றர் வரை பிசகலாம், அது 0.8 சதவீதம். 25 மில்லிலீற்றர்க் குழாயியின் பிசகு 0.03; அது 0.12 சதவீதமே. ஆகவே 25ஐ 250 ஆக்கி, அதிலிருந்து மீண்டும் 25ஐ 250 ஆக்குவது உழைப்பு இரட்டித்தாலும் நம்பத்தகுந்தது. ஆயின் படிகள் கூடக்கூட மறதிக்கும் இடங் கூடும். அம்மறதியை நாம் அனுபவத்திற் கண்ட கதையை இனிக் கூறுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லிலே தோண்டப்பட்டவை என்பது யாவரும் அறிந்ததே. அந்நீரிற் கரைந்துள்ள கல்சியமே கேத்திலின் அடியில் வெண்படையாகப் படிகின்றது. அதனை ஈ.டி.ரி.ஏ. என்னும் பொருளின் 0.01 மூலர்க் கரைசல் கொண்டு எளிதில் துணியலாம். 50 மில்லிலீற்றர்க் கிணற்று நீருக்குச் செல்லும் ஒவ்வொரு மில்லிலீற்றரும் இலீற்றருக்கு 20 மில்லிகிராம் கல்சியங்காபனேற்று வன்மையைக் குறிக்கும். வன்மையினும் நம்மவர் அஞ்சுவது உவரையே. நன்னீர் மிகுதியாக இறைக்கப்படும்பொழுது, கீழேயுள்ள கடல்நீர் மேலெழுந்து கிணறு உவராகும். குளோரைட்டு இலீற்றருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராமைத் தாண்டும்பொழுது நாவிற்கு உப்புச் சுவை தோன்றத் தொடங்கும் என்பர். அதனைத் துணிவதற்கு மோரின் முறை பயன்படுகின்றது. கிணற்று நீரில் மஞ்சள் நிறப் பொற்றாசியங் குரோமேற்றுச் சில துளிகள் இட்டு, வெள்ளி நைத்திரேற்றை அளவியிலிருந்து விடுவோம். குளோரைட்டு முழுவதும் வெள்ளிக் குளோரைட்டாய் வெண்மையாக வீழ்படிந்து தீர்ந்த பின்னரே வெள்ளிக் குரோமேற்றின் செங்கபில நிறம் தோன்றும்.

1978ஆம் ஆண்டில், உயர்தர வகுப்பிற் பயின்ற நாம், தோழர் ஒருவரோடு சேர்ந்து அயற் கிராமத்துக் கிணறுகள் சிலவற்றின் நீரைச் சோதிக்க முற்பட்டோம். வெள்ளி நைத்திரேற்று விலையுயர்ந்த பொருள். ஆசிரியர் கபில நிறப் போத்தலொன்றில் 0.1 மூலர்க் கரைசலைச் சிறிது தந்து, அதனை ஐந்து மடங்கு ஐதாக்கி 0.02 மூலராகப் பயன்படுத்தும்படி பணித்தார். 50 மில்லிலீற்றரை 250 ஆக்கவேண்டும். எம்மிடம் இருந்தது 25 மில்லிலீற்றர்க் குழாயி. ஆதலால் இருமுறை எடுத்தல் வேண்டும். எம்முள் ஒருவர் ஒருமுறை எடுத்து விட்டுக் குழாயியைத் தாங்கியில் வைத்தார். மற்றவர், அது இரண்டாம் முறையென எண்ணிக் கோடு வரை நீரை நிரப்பினார். எடுத்தவர் யார், நிரப்பியவர் யார் என்பதில் எமக்குள் இன்றுவரை உடன்பாடில்லை.

கரைசலை நன்கு கலக்கினோம். அளவியை விதிப்படி அலசினோம். ஒரு முதியவரின் வளவுக் கிணற்று நீர் 25 மில்லிலீற்றருக்கு 17.60, 17.55, 17.60 என வாசிப்புக்கள் கிடைத்தன. இதனினும் ஒத்த வாசிப்புக்கள் எம் வகுப்பில் அதுவரை எவர்க்கும் வந்ததில்லை. கணக்கிட்டபொழுது இலீற்றருக்கு 499 மில்லிகிராம் குளோரைட்டு என வந்தது. பெருமிதத்தோடு சென்று, கிணறு உவராகிவிட்டது, குடிப்பதற்கு வேறு கிணறு பார்க்கவேண்டும் என்று முதியவருக்கு உரைத்தோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். மகளின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த பணத்திற்தான் கிணறு வெட்டவேண்டி வரும் என்று வீட்டினுள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. பின்னர் அவர் துலாவை இழுத்து, ஒரு வாளி அள்ளி, செம்பில் ஊற்றி எம்மிடம் நீட்டினார்.

"தம்பியவை, உந்தத் தண்ணியை நாங்கள் முப்பது வருஷமாக் குடிக்கிறம். உப்பெண்டால் எங்கட நாக்குக்குத் தெரியாதோ? நீங்களே குடிச்சுப் பாருங்கோ."

குடித்துப் பார்த்தோம். உப்பு இல்லை. இலீற்றருக்கு 500 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள நீர் நிச்சயமாகக் கரிக்கும். ஆயினும், மூன்று வாசிப்பும் ஒத்த பின்னர் நாக்கை நம்புவதா என்றே வழி நெடுகிலும் வாதிட்டோம்.

ஆசிரியர் எம் குறிப்பேட்டை ஒரு முறை பார்த்தார். வாசிப்புக்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கரைசலைச் சோதித்தீர்களா?" என்றார். தூய சோடியங் குளோரைட்டைச் சூடாக்கி ஆறவைத்து, 0.2922 கிராம் நிறுத்து, 250 மில்லிலீற்றர் ஆக்கச் சொன்னார். இது 0.02 மூலர் உப்புக் கரைசல். எமது வெள்ளிக் கரைசலும் 0.02 மூலராயின், 25 மில்லிலீற்றருக்கு 25 மில்லிலீற்றரே செல்லல் வேண்டும். அளவியை நிரப்பித் திறந்தோம். 25 ஆயிற்று, நிறம் மாறவில்லை. 30 ஆயிற்று, 40 ஆயிற்று. அளவி அடியை நெருங்கி 49.90இல் நின்றபொழுதுதான் செங்கபிலம் தோன்றியது. எம் கரைசல் 0.02 அன்று, 0.01. முதியவரின் கிணற்றிலே 499 அன்று, ஏறத்தாழ 250. சுவை தோன்றலாமோ தோன்றாதோ என்னும் எல்லையில் அது நின்றது. அவர் நாக்கு நம் அளவியினும் திருத்தமாகவே அளந்திருந்தது.

இன்று எண்காட்டித் தராசும் மின்னியக்க அளவியும் நம் மாணவர் சிலருக்குக் கிடைக்கின்றன. நன்று. ஆயினும் உள்ளே ஊற்றிய கரைசலின் செறிவாக எதனை நாம் உள்ளிடுகின்றோமோ அதனைக்கொண்டே அவையும் கணக்கிடும். ஆகவே புதிதாக ஐதாக்கிய எக்கரைசலையும், செறிவு வேறு வழியாக அறியப்பட்ட ஒரு கரைசலோடு ஒரு முறையேனும் நியமித்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துக. வடித்த நீரை மாத்திரம் வைத்து ஒரு வெறு நியமிப்பும் செய்க. நிறம் தோன்றுதற்கே 0.1 அல்லது 0.2 மில்லிலீற்றர் செல்லுமாயின் அதனை வாசிப்பிலிருந்து கழிக்க. வடித்த நீரில் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட வெண்புகைபோலக் கலங்கின், அந்நீர் வடித்ததன்று, வாளியில் வந்தது. சீட்டிலே பொருளின் பெயரும் செறிவும் திகதியும் மாத்திரமன்றி, ஆக்கியவர் பெயரும், எத்தனை குழாயி எடுத்தார் என்பதும் இருத்தல் நலம். ஒவ்வொரு குழாயி விட்டதும் குறிப்பேட்டில் ஒரு கோடு இடுக, மனத்தில் எண்ணற்க.

மறுநாட் காலை முதியவரிடம் சென்று, பிழை எம்முடையது, கிணறு நல்லது, ஆயினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீரைத் தாருங்கள், பார்த்துச் சொல்கின்றோம் என்றோம். அவர் கேட்டுத் தலையசைத்தார். அவர் மனைவியார் தேநீர் தந்தார். அந்த வெள்ளிக் கரைசலை நாம் கொட்டிவிடவில்லை. வெள்ளியைக் கொட்ட எவர்க்கு மனம் வரும்? பழைய சீட்டை உரித்து, 0.01 மூலர் என்று புதுச் சீட்டு எழுதி ஒட்டி, தவணை முடியும்வரை அதனையே பயன்படுத்தினோம்.